முதலைக்கு நான் திறந்த கண்

முதலையைப் படம் எடுப்பதில் ஒரு சவுகரியம் உண்டு. "கொஞ்சம் சிரிங்க" என்று கெஞ்ச வேண்டாம். அது எப்போதும் சிரித்த முகம்தான். கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை வீட்டாரைச் சிரிக்க வைத்தே தொண்டை வறண்டுபோனவள் நான். முதன்முதலாக ஒரு முதலையைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் என்னைப் பார்த்தால் லென்ஸைப் பற்றிக் கேட்கிறீர்கள், எவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும் என்று கேட்கிறீர்கள், எந்த மென்பொருள் நல்லது என்று கேட்கிறீர்கள். அதையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். கைப்பேசியில் தட்டினால் என்னைவிட நன்றாகச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது ஒரு கண்ணைப் பற்றி. அதைச் சொல்வதற்கு எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டேதான் சொல்லப்போகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் கடலூர் முதுநகர்க்காரி. ஜங்ஷனுக்குப் போகிற சாலையில் ஒரு ஸ்டூடியோவில் டச்சப் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது நெகடிவில் பென்சிலால் தீட்டுகிற காலம். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பென்சிலை வைத்துவிட்டு மவுஸைப் பிடித்தேன். கடை முதலாளிக்கு ஒரே ஒரு சட்டம்தான். "கண்ணு மூடின படம் கடையத் தாண்டக் கூடாது." அவ்வளவுதான். புடவை நிறம் மாறினால் மன்னிப்பார். மூக்கு கோணினால்கூட மன்னிப்பார். கண் மூடியிருந்தால் அன்றைக்கு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

கல்யாண குரூப் போட்டோவில் இருபது பேர் நின்றால் மூன்று பேர் கண்ணை மூடியிருப்பார்கள். நிச்சயம் அதில் ஒன்று மாப்பிள்ளையின் அம்மாவாக இருக்கும். வேறு படத்திலிருந்து அந்த அம்மாவின் கண்ணை எடுத்து ஒட்டுவேன். வேறு படம் இல்லையா, ஒரு கண் திறந்து ஒரு கண் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிற கண்ணையே பிரதி எடுத்து, இடவலமாகத் திருப்பி, மூடியிருக்கிற இடத்தில் வைத்துவிடுவேன். இரண்டு நிமிட வேலை. யாரும் கண்டுபிடித்ததே இல்லை.

ஒருமுறை துறைமுகம் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். கணவர் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. மாட்டி வைக்க ஒரு படம் வேண்டும். அவரிடம் இருந்ததோ ஒரே ஒரு படம். அதுவும் இறந்த பிறகு எடுத்தது. உயிரோடு இருந்தபோது அந்த மனிதரை யாரும் நிற்க வைத்துப் படம் எடுக்கவில்லை. நான் அவருடைய மகனை உட்கார வைத்துப் படம் எடுத்து, அந்தக் கண்களை அப்பாவுக்கு வைத்தேன். பிரேம் போட்டுக் கொடுத்ததும் அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். "இப்பிடித்தான் பாப்பாரு" என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் சேர்ந்து அழுதேன். அதற்குப் பிறகு முதுநகரில் எனக்குப் பெயரே "கண்ணு தெறக்கிற ஸ்டெல்லா" என்று ஆகிப்போனது. பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

இந்தக் கதையை ஏன் இழுக்கிறேன் என்றால், பின்னால் நான் செய்த தப்பு திடீரென்று வந்ததில்லை. வருடக்கணக்காக எல்லாரும் கையைப் பிடித்துப் பாராட்டிய ஒரு பழக்கத்திலிருந்து வந்தது.

என் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மாமா, சிதம்பரம் பக்கம் வனத்துறையில் காவலர். அந்தப் பக்கத்து ஆறு, வாய்க்கால், குளம் எல்லாவற்றிலும் முதலை உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழை பெய்தால் வயலுக்கு வரும். சில நேரம் மாட்டுக்கொட்டகைக்கும் வரும். மாமாவும் அவர் கூட்டாளிகளும் போய்ப் பிடித்து, கட்டி, ஆள் இல்லாத பெரிய குளத்தில் விட்டுவிட்டு வருவார்கள். ஒருநாள் ஆபீஸ் கோப்புக்குப் படம் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். போனேன். கட்டிப்போட்ட முதலையைச் சுற்றி நின்று எல்லாரும் கைப்பேசியில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் தரையில் படுத்து, அதன் முகத்துக்கு நேரே கேமராவை வைத்தேன். மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அதுக்கு என்னா ஆதார் கார்டா எடுக்கப் போற?"

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் சிதம்பரத்துக்கு பஸ் ஏறிவிடுவேன். முதலையைக் கட்டிவைத்து எடுப்பதை விட்டுவிட்டு, கரையில் அதுபாட்டுக்கு வெயில் காய்கிறபோது முகத்தை மட்டும் எடுக்கத் தொடங்கினேன். மனிதர்களுக்கு எடுப்பது போலத்தான். தாடை, பல், நெற்றி மேடு, கண். இரண்டு முதலைக்கு ஒரே முகம் இருக்காது. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, கல்யாண ஆல்பத்தில் ஒருநாளும் வந்ததில்லை.

பழைய கொள்ளிடத்தின் ஓரம் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். அங்கே ஒரு படித்துறை. "முதலை உள்ளது, இறங்காதீர்" என்று ஏற்கெனவே ஒரு பலகை இருந்தது. அதில் வரைந்திருந்த முதலையைப் பார்த்தால், வரைந்தவர் உடும்பைப் பார்த்து வரைந்திருப்பார் என்று தோன்றும். ஊரார் அதன்மேல் துணி காயப்போட்டார்கள். அந்தப் படித்துறையில் தினமும் தலை காட்டுகிற முதலையையே படம் எடுத்துப் பெரிய பலகையாக வைத்தால் பயம் வரும் என்று மாமாவின் மேலதிகாரியான ரேஞ்சர் நினைத்தார். மாமா என் பெயரைச் சொன்னார்.

மாசி மாதம். தண்ணீர் வற்றியிருந்தது. எதிர்க்கரையில் மூன்று நாள் காலையில் போய்ப் படுத்துக் கிடந்தேன். மூன்றாம் நாள் அது மேட்டில் ஏறி, வாயை லேசாகத் திறந்து, நேராக என்னைப் பார்த்துத் திரும்பியது. முந்நூறு சொச்சம் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். வெளிச்சம், பல்வரிசை, தாடையில் ஒட்டியிருந்த சேறு, எல்லாமே அமைந்த படம். ஒரே ஒரு குறை. இடது கண் வெள்ளையாக இருந்தது.

முதலைக்கு மேல் இமை, கீழ் இமை போக இன்னொரு மெல்லிய இமை உண்டு. அது குறுக்கே வந்தால் கண் பால் படர்ந்த மாதிரி தெரியும். அது எனக்குத் தெரியும். அந்த அரைகுறை அறிவுதான் என்னைக் கெடுத்தது. 'சரி, கண்ணைச் சிமிட்டிவிட்டது' என்று நினைத்தேன். மற்ற படங்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கை தானாகப் போனது. வலது கண்ணைப் பிரதி எடுத்தேன், திருப்பினேன், இடது பக்கம் வைத்தேன். இரண்டு நிமிடம். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

பலகை வந்து நின்றதும், அதுவரை எட்டத்தில் மூக்கையும் முதுகையும் மட்டுமே பார்த்திருந்த ஊரே கூடிப் பார்த்தது. ஆறடி அகலத்துக்கு அந்த முகம். ஒரு குழந்தை பார்த்துவிட்டு வீறிட்டு அழுததாக மாமா சந்தோஷமாகப் போன் செய்தார். அதன்மேல் யாரும் துணி காயப்போடவில்லை. சென்னையில் வனவிலங்குப் படக் கண்காட்சி வைக்கிறவர்கள் அதைப் பார்த்து, நுழைவாயிலில் வைக்கிற முதல் படமாக அதையே தேர்ந்தெடுத்தார்கள். அழைப்பிதழின் அட்டையிலும் அதுதான். அழைப்பிதழில் என் பெயரை அச்சில் பார்த்தபோது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. தடவித் தடவிப் பார்த்தேன்.

ஆடி பிறந்தது. வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்தது. அஞ்சலை என்கிற பெண்ணை அந்தப் படித்துறைக்குப் பக்கத்தில் முதலை கடித்தது.

அஞ்சலைக்கு நாற்பது வயது இருக்கும். இறால் தடவுவது அவள் தொழில். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, மீன் போடுகிற பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவிப் பிடிப்பார்கள். பலகை இருக்கும்போது ஏன் இறங்கினாள் என்று உங்களில் யாரோ கேட்கிற மாதிரி இருக்கிறது. பலகை வந்தது என்பதற்காக வயிறு பசிக்காமல் இருக்குமா? கையைக் கவ்வி இழுத்திருக்கிறது. இவள் சேற்றை வாரி அதன் மூஞ்சியில் அடித்து, கத்தி, எப்படியோ பிடுங்கிக்கொண்டு கரையேறியிருக்கிறாள். முழங்கைக்குக் கீழே சதை கிழிந்துவிட்டது. சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம்.

ஊர் கொதித்துப்போனது. அந்த முதலையைப் பிடித்தே ஆக வேண்டும் என்று சாலையில் உட்கார்ந்தார்கள். ஏனென்றால் பதினெட்டாம் பெருக்கு வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ஊரில் இருக்கிற பெண்கள், குழந்தைகள் எல்லாரும் படித்துறையில் இறங்கி, காதோலை கருகமணியோடு முளைப்பாரியைத் தண்ணீரில் விடுவார்கள். புதுசாகக் கல்யாணமான பெண்கள் வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள்.

பெருக்குக்கு முதல் நாள் காலையில் மாமா போன் செய்தார். "ஸ்டெல்லா, மாட்டிக்கிச்சு! கேமராவ எடுத்துக்கினு ஒடனே வா."

நான் போய்ச் சேர்ந்தபோது மதியம். டிராக்டர் பெட்டியில் அது கட்டுண்டு கிடந்தது. பெரிய உடம்பு. வாயைக் கயிற்றால் சுற்றி, கண்ணை மறைத்து ஈரச் சாக்கைப் போட்டிருந்தார்கள். கண்ணை மூடினால் முதலை அடங்கிவிடும். அதற்காக எப்போதும் செய்வதுதான். மைக் செட் கட்டிய ஆட்டோ ஒன்று, "முதலை பிடிபட்டுவிட்டது, நாளை பெருக்குக்குப் படித்துறை திறந்துவிடப்படும்" என்று சொல்லிக்கொண்டே தெருவுக்குள் போனது. ஊராட்சித் தலைவர் ரேஞ்சருக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார். டிராக்டருக்குப் பின்னால் என் பலகை. அதில் என் முதலை இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

ரேஞ்சர் என்னைக் கண்டதும், "மேடம், போர்டுல எடுத்தீங்களே, அதே மாதிரி நேரா ஒண்ணு எடுங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுப் பேப்பருக்குக் குடுக்கலாம்" என்றார்.

சாக்கை எடுத்தார்கள். நான் பெட்டிக்கு முன்னால் மண்டி போட்டேன். இரண்டு கண்ணும் பளிச்சென்று இருந்தன. மஞ்சள் கலந்த பச்சை, நடுவில் கத்திக் கீறல் மாதிரி கருவிழி. அழகான முகம். அழுத்தப் போகிற நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"இது இல்ல."

திரும்பினேன். கையில் பெரிய கட்டோடு ஒரு பெண். யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"என்னா அஞ்சல, இது இல்லன்றே?" என்றார் தலைவர்.

"என்னக் கடிச்சது இது இல்ல. அதுக்கு ஒரு கண்ணு பொட்ட. இந்தப் பக்கத்துக் கண்ணு." இடது கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தலைவர் பொறுமையாகத்தான் பேசினார். "நீ பயந்துபோயிருக்க. தண்ணியில கெடந்து மல்லுக்கட்டுறப்ப கண்ணு, மூக்கெல்லாம் எண்ணிப் பாத்தியாக்கும்? தோ போர்டப் பாரு. நம்ம படித்தொற முதலதான? ரெண்டு கண்ணும் கல்லு மாதிரி இருக்குதா இல்லியா?"

"ஆஸ்பத்திரிலயும் இதத்தான் சொன்னாங்க" என்றாள் அஞ்சலை. "வந்தவுங்க எல்லாம் போர்டப் பாரு, போர்டப் பாருன்னாங்க. நான் மூஞ்சிக்கு நேரா பாத்தவ. எனக்குத் தெரியாதா?"

யாரும் காதில் வாங்கவில்லை. "போம்மா, போய்ப் படு" என்று யாரோ சொன்னார்கள். எனக்கு மட்டும் மாசி மாதத்து வெள்ளைக் கண், டீ, இரண்டு நிமிடம், எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது.

கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, நான் ஏறி வந்திருந்த வேனுக்குப் போனேன். லேப்டாப் கையோடுதான் இருந்தது. அந்தப் பழைய ஃபோல்டரைத் திறந்தேன். ஒவ்வொரு படமாகத் தள்ளினேன். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள். முகம் தெரிகிற எல்லாப் படத்திலும் இடது கண் வெள்ளை. நடுவில் கருவிழியே இல்லை. மூன்று நாள் தொடர்ந்து எந்த உயிராவது ஒரே கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்குமா? அது சிமிட்டவில்லை. அந்தக் கண் போய்விட்டது. எப்போதோ போயிருக்கிறது. அதை நான் ஒரு பலகை முழுக்கத் திறந்து வைத்திருக்கிறேன்.

அந்த வேனுக்குள் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. 'யாருக்குத் தெரியும்? இந்த ஃபோல்டரை அழித்தால் முடிந்தது' என்று நினைத்தேன். கண்காட்சிக்கு இருபது நாள்தான் இருந்தது. அழைப்பிதழ் என் பையில் இருந்தது. இதை வெளியே சொன்னால் அதோடு சேர்த்து நான் இதுவரை எடுத்த எல்லா முதலையும் பொய் முதலையாகிவிடும். இன்னொன்றும் நினைத்தேன். கடித்த முதலை வேறு எங்கேயாவது போயிருக்கலாம், நாளைக்கு ஒன்றும் நடக்காமலே போகலாம். மனசு இருக்கிறதே, அது வக்கீலைவிட நன்றாகப் பேசும்.

மாமாவைத் தனியாகக் கூப்பிட்டேன். லேப்டாப்பைக் காட்டினேன். அவர் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி லேப்டாப்பைப் பார்த்தார்.

"அப்ப போர்டுல இருக்கிறது?"

"நான் வெச்ச கண்ணு மாமா."

"அடிப் பாவி."

என்னைக் கட்டிக் கொடுக்கும்போது முன்னால் நின்றவர், ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை.

"ரேஞ்சர் கிட்ட மட்டும் சொல்லிடுறேன் மாமா. பாதுகாப்புக்காகப் படித்துறைய மூடுறோம்னு அவரு சொல்லிடட்டும். காரணம் சொல்ல வேணாம்" என்றேன்.

"மூடுன்னா மூடிடுவாங்களா? முதல கண்ணெதிர கட்டிக் கெடக்குது. ஆபீஸர் சும்மானாச்சும் சொல்றாருன்னு எறங்கிடுவாங்க. ஆட்டோ தெருத்தெருவா போயிடுச்சும்மா." ஆட்டோ போன பக்கம் பார்த்தார். "மைக்குல போனத மைக்குலதான் திருப்பிக் கூப்புடணும். ரேஞ்சர் பேசுனா எடுபடாது. செஞ்சவ நீ. நீதான் பேசணும்."

ஆட்டோவைத் திருப்பி வரச் சொன்னார். மைக்கை என் கையில் கொடுத்தார். கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் நடுவில் அதட்டி வேலை வாங்கியவள் நான். அந்த மைக்கை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது.

"அஞ்சலை சொல்றது உண்மை" என்றேன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் தீர்மானித்திருந்தேன். "போர்டுல இருக்கிற முதலைக்கு இடது கண்ணு கெடையாது. நான்தான் வலது கண்ண எடுத்து அங்க ஒட்டினேன். கண்ணு மூடியிருக்குதுன்னு நெனச்சேன். தப்பு என்னோடது. கட்டிப் போட்டிருக்கிறது வேற முதல. கடிச்சது இன்னும் தண்ணியிலதான் இருக்குது. யாரும் எறங்காதீங்க."

கூட்டத்துக்குப் புரியவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக் காட்டினேன். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் பலகையையே பார்த்தேன். எனக்கே முதல் தடவையாகத் தெரிந்தது. ஓடிப்போய் விரலை வைத்துக் காட்டினேன்.

"பாருங்க. இந்தக் கண்ணுல சூரியன் எந்தப் பக்கம் மின்னுது? இந்தப் பக்கம். அந்தக் கண்ணுல? அந்தப் பக்கம். கண்ணத் திருப்பி ஒட்டினதால சூரியனும் திரும்பிடுச்சு. ஊருக்கு ரெண்டு சூரியனா இருக்குது?"

ஐந்து மாதமாக அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் இப்போது கிட்டே வந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"முதலைக்கு எதுக்கும்மா மேக்கப்பு?" என்றார் தலைவர். ரேஞ்சர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து மடித்தார். ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு முன்னால் வந்து, "நாளைக்கு எம்பொண்ணு எறங்கியிருந்தா?" என்று கேட்டாள். கத்தவில்லை. சாதாரணமாகக் கேட்டாள். திட்டினவர்கள் திட்டியது எல்லாம் மறந்துவிட்டது. அந்தக் கேள்வி மறக்கவில்லை.

அஞ்சலையிடம் போனேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் என் கையைத் தட்டியும் விடவில்லை, பிடிக்கவும் இல்லை.

"கடிச்சது கூட ஆறிப்போயிடும்" என்றாள். "ரெண்டு வாரமா பொய் சொல்றேன்னுட்டாங்கம்மா."

நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும் என்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு படம் கச்சிதமாக இருக்க இருக்க, அதற்கு எதிரில் நிற்கிற மனிதரின் வாய்க்கு மதிப்பு குறைந்துகொண்டே போகும். இப்போது உங்களுக்கு இரண்டு நிமிடம்கூட வேண்டாம். ஒரு பொத்தானை அழுத்தினால் மூடிய கண்ணெல்லாம் தானாகத் திறந்துகொள்கிறது. அழுத்துவதற்கு முன்னால் மீதிப் படங்களைப் பாருங்கள். அந்த விலங்கோடு தண்ணீரில் இருக்கிறவர்களைக் கேளுங்கள். நான் எதிர்க்கரையில் மூன்று நாள் கிடந்தேன். இந்தக் கரையில் இறால் தடவுகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாசி மாதமே சொல்லியிருப்பாள்.

அன்று சாயங்காலமே கண்காட்சிக்காரர்களுக்குப் போன் செய்து சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்தப் படத்தோடு என் மற்ற படங்களையும் எடுத்துவிட்டார்கள். நியாயம்தான்.

கதை அதோடு முடிந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மறுநாள் பெருக்கு. படித்துறைக்கு மேலே கயிறு கட்டி மாமா நின்றார். நானும் காலையிலேயே போய் கரையில் உட்கார்ந்தேன். பெண்கள் முளைப்பாரியும் சித்ரான்னமுமாக வந்து மேட்டிலேயே நின்றார்கள். பம்புசெட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, அதற்குப் பூவும் மஞ்சளும் போட்டார்கள். யாருக்கும் மனசு ஒப்பவில்லை. ஆற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடத்தைக் கும்பிடுவதா?

வெயில் ஏற ஏற முணுமுணுப்பு அதிகமானது. நேற்று நம்பியவர்களில் பாதிப் பேருக்கு ராத்திரி தூங்கி எழுந்ததும் சந்தேகம் வந்துவிட்டது. "அந்தம்மா பேரு வாங்குறதுக்கு என்னாத்தையோ சொல்லுது" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். "அன்னிக்குப் பொய் சொன்னேன்னு நேத்துச் சொன்னவங்க, நேத்து மட்டும் உண்மையா சொல்லியிருப்பாங்க?" என்று இன்னொருவர் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. கடைசியில் தலைவர் வந்து ரேஞ்சரிடம் சொன்னார்.

"பத்து மணி வரைக்கும் பாப்போம் சார். ஒண்ணும் தெரியலன்னா கயித்த அவுத்துடுறோம். ஜனத்த இதுக்கு மேல என்னால புடிச்சி வெக்க முடியாது."

ரேஞ்சர் மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். ஒன்பதரை. நான் ஜெபம் செய்தேன். எத்தனையோ காரியத்துக்கு ஜெபம் செய்திருக்கிறேன். முதலைக்காகச் செய்தது அன்றைக்குத்தான். 'ஆண்டவரே, அதைத் தலை காட்ட வையும். யாரும் இறங்குவதற்கு முன்னாடி காட்ட வையும்.' ஒன்பதே முக்கால். கயிற்றின் முடிச்சுக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்கள் வந்து நின்றுவிட்டார்கள். ஒரு புதுப்பெண் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

கூட்டத்துக்குள்ளிருந்து அஞ்சலை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆகாயத்தாமரை ஒதுங்கிக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அங்கேயே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த இலைகள் இரண்டு பக்கமும் விலகின. முதலில் மூக்கு. பிறகு நெற்றி மேடு. மூன்றாம் படிக்குப் பக்கத்தில், குளிக்கிறவர்கள் முதலில் கால் வைக்கிற இடத்தில், அது மெதுவாக இடது பக்கத்தை எங்களுக்குக் காட்டித் திரும்பியது.

அந்தக் கண் உரித்த நுங்கு மாதிரி வெள்ளையாக இருந்தது.

முடிச்சில் கை வைத்திருந்தவர் கையை எடுத்தார். அந்தப் பெண் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அஞ்சலையைப் பார்த்தார்கள். அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட கையால் என் கேமராவைத் தொட்டாள்.

"இப்ப எடும்மா" என்றாள். "கண்ணு தெறக்கட்டும்னு காத்துக்கினு இருக்காத."